காராமணி வடையும் சிவப்பு எண்ணெயும்

எங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு சட்டம் உண்டு. சமைத்துக்கொண்டிருக்கும்போது எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. சுவாமிக்குக் காட்டுவதற்கு முன்னால் எச்சில் பண்ணலாகாது என்பது காரணம். ஆகவே உப்பு, காரம், புளிப்பு எல்லாவற்றையும் நான் மூக்கால்தான் பார்ப்பேன். ரசம் நுரை கட்டும்போது ஆவியை ஓர் இழுப்பு இழுத்தால் உப்பு குறைவா கூடவா என்று சொல்லிவிடுவேன். முப்பது வருஷத்தில் தவறியது நாலைந்து தடவைதான். அதிலும் இரண்டு தடவை எனக்கு ஜலதோஷம்.

வெங்காயம் போட்ட பண்டத்தைச் சுவாமிக்குக் காட்டுவதே இல்லையே, அதை ருசி பார்த்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் கணக்கு டீச்சர், எனக்கும் அது தோன்றாமல் இல்லை. ஆனால் அடுப்பு முன்னால் நிற்கும்போது கரண்டி வாய்ப்பக்கம் போகவே போகாது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்?

இந்தச் சட்டத்துக்கு உட்பட்டு, ஐந்து வருஷமாக, மயிலாப்பூரில் ஒரு மூன்றாவது மாடி ஃபிளாட்டில், நான் பிரேசில் நாட்டுச் சமையல் செய்துகொண்டிருக்கிறேன். பிரேசிலுக்குப் போனதில்லை. நான் போன அதிக தூரம் டில்லி, அதுவும் அண்ணா பிள்ளையின் கல்யாணத்துக்கு. அப்படியிருக்க இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு பாக்கெட் மரவள்ளிக்கிழங்கு மாவால் பிடித்தது.

அந்த வருஷம் வடாம் பிழிய வாங்கி வைத்த மாவு அது. கூழ் கிளறலாம் என்று இருந்த அன்று பார்த்து மழை கொட்டியது. மறுநாளும் மேகம். வடாம் ஆசை போய்விட்டது, மாவு மட்டும் அலமாரியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இதை வைத்து வேறு என்ன செய்யலாம் என்று போனில் தேடினேன். யாரோ ஒரு பெண், மஞ்சள் ஓடு பதித்த சமையலறை, புரியாத பாஷை. அவள் பாலையும் எண்ணெயையும் கொதிக்க வைத்து அந்த மாவில் கொட்டிக் கிளறினாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கொழுக்கட்டைக்குச் சொப்பு மாவு கிளறுகிற அதே வேலை! அதே அவசரம், கட்டி தட்டாமல் இருக்க அதே மணிக்கட்டுச் சுழற்றல். அவள் பேசியதில் ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. ஆனால் கை பேசியது முழுக்கப் புரிந்தது.

பௌன் ஜி கேஜு என்பது அந்தப் பண்டத்தின் பெயர். சீஸ் துருவிப் பிசைந்து, எலுமிச்சை அளவு உருட்டி, ஓவனில் வைத்துச் சுட்டு எடுக்கிற குட்டி ரொட்டி. அவர்கள் முட்டை சேர்க்கிறார்கள். எங்கள் வீட்டு வாசற்படியை முட்டை தாண்டாது, அதனால் நான் கெட்டித் தயிர் சேர்த்தேன். மகள் கல்யாணமாகிப் போகும்போது விட்டுவிட்டுப் போன ஓவன் பரணில் கொலு பொம்மைகளோடு பெட்டிக்குள் இருந்தது. அதை இறக்கித் துடைத்து, பன்னிரண்டு உருண்டைகள் வைத்தேன்.

பன்னிரண்டும் கல். என் கணவர் ஒன்றை எடுத்துச் சுவரில் தட்டிப் பார்த்தார்.

"கிரிக்கெட் ஆடற பசங்ககிட்ட குடு. மொட்டை மாடியில பந்து தொலைஞ்சுடுத்துன்னு கத்திண்டிருக்கா" என்றார்.

இவர் இன்சூரன்ஸ் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். வாய்க்கு மட்டும் இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை. இனி இந்தக் கதையில் 'இவர்' என்று வந்தால் என் கணவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாவது தடவை சரியாக வந்தது. மேலே மொறுமொறுப்பு, பிட்டால் உள்ளே நூல் நூலாக இழுபடுகிறது, நடுவில் காற்று! நான் சமையலறையிலேயே இரண்டு குதி குதித்தேன். கீழ் வீட்டிலிருந்து போன் செய்து என்ன விழுந்தது என்று கேட்டார்கள்.

அப்புறம் என்னை யார் பிடிப்பது? பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போன், அடுப்பு, நோட்டுப் புத்தகம். மரவள்ளிக்கிழங்கைத் துருவி, துணியில் கட்டிப் பிழிந்து, வெறும் சட்டியில் பொன்னிறமாக வறுத்தால் ஃபரோஃபா என்று ஒரு பொடி. அதைப் பருப்புக்கும் சாதத்துக்கும் மேலே தூவிக்கொள்கிறார்கள். எனக்குப் பருப்புப் பொடி ஞாபகம் வந்தது. அவர்கள் சமையலில் ஒரு தடித்த கீரை உண்டு, சுருட்டு மாதிரி சுற்றி நூல் போல நறுக்கி வதக்குவது. அது இங்கே கிடைக்காது. ஆனால் நூக்கல் இலை அப்படியே அதன் ஜாடை என்று கண்டுபிடித்தேன். மாட வீதியில் காய் விற்கிற அம்மா நூக்கலை ஒடித்துக்கொண்டு இலையைக் குப்பையில் போடுவாள். நான் போய் அந்தக் குப்பையைக் கேட்டேன்.

"இன்னாமா, வூட்ல ஆடு வளக்கிறியா?" என்றாள்.

"இல்லம்மா, எங்களுக்குத்தான்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். டீச்சர் சம்பளம் அவ்வளவு மோசமா என்று நினைத்திருப்பாள். "எட்த்துக்கினு போ, காசு வாணாம்" என்று ஒரு கட்டு இலையோடு நாலு பச்சைமிளகாயும் போட்டுக் கொடுத்தாள். இன்றைக்கும் என்னைத் தூரத்தில் கண்டால் இலையை எடுத்துத் தனியே வைத்துவிடுகிறாள்.

ஆனால் என்னைத் தலைகீழாகக் கவிழ்த்தது அக்கராஜேதான். பிரேசிலின் கடலோர ஊரான சால்வடாரில் தெருவோரத்தில் பெண்கள் சுட்டு விற்கிற வடை. அதை முதல் முதலாக போனில் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காராமணியை ஊறப் போட்டு, தோலைத் தேய்த்துத் தேய்த்து மிதக்கவிட்டுக் களைந்து, தண்ணீர் விடாமல் வெண்ணெயாக அரைத்து, வெங்காயமும் உப்பும் சேர்த்து, மரக்கரண்டியால் அடி அடியென்று அடிக்கிறார்கள். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். உளுந்து வடைக்கு நான் பார்க்கிற அதே சோதனை! பூமியின் அந்தப் பக்கத்தில் ஒருத்தி டம்ளர் தண்ணீரில் மாவைப் போட்டுப் பார்க்கிறாள், நான் இந்தப் பக்கத்தில் போட்டுப் பார்க்கிறேன். அன்று ராத்திரி தூங்குவதற்குள் அரைக் கிலோ காராமணியை ஊறப் போட்டுவிட்டேன்.

வடைதான், ஆனால் நம் வடை இல்லை. உருவத்தில் பெரியது. ஓட்டை கிடையாது. இரண்டு கரண்டிகளுக்கு நடுவே மாவை உருட்டி எண்ணெயில் நழுவ விடுகிறார்கள். வெந்ததும் வயிற்றைக் கீறி உள்ளே வத்தபா என்கிற களியை அடைக்கிறார்கள். ரொட்டி, தேங்காய்ப்பால், முந்திரி, வேர்க்கடலை போட்டுக் கிளறியது. அதில் உலர்ந்த இறாலும் உண்டு, அதை நான் விட்டுவிட்டேன்.

எண்ணெய்தான் உதைத்தது. அவர்கள் பொரிப்பது டெண்டே என்கிற சிவப்புப் பாமாயிலில். வீட்டில் இதைச் சொன்னதும் இவர் ரேஷன் கடைக்குப் போய் வெற்றியோடு திரும்பி வந்தார்.

"பாமாயில்தானே? இந்தா."

"ஏன்னா, இது வெளுப்பா இருக்கு. அது செக்கச்செவேல்னு இருக்கணும். வாசனையும் தனியாம்."

"வாசனை எப்படி இருக்கும்?"

அதுதானே எனக்குத் தெரியாது. மூக்கை நம்பிச் சமைக்கிறவள் நான், அந்த எண்ணெயை முகர்ந்தே பார்த்ததில்லை. சிவப்பு எண்ணெய் என் கைக்கு எட்டவில்லை. கடைசியில் தேங்காயெண்ணெயில் காரமில்லாத சிவப்பு மிளகாய்ப் பொடியைப் போட்டுச் சூடு பண்ணி வடிகட்டினேன். நிறம் வந்தது. மற்றதைக் கற்பனையில் சேர்த்துக்கொண்டேன்.

இப்படியே ஐந்து வருஷம். டீச்சர்கள் அறையில் என் டிபன் டப்பாவைத் திறந்தால் கூட்டம் கூடும். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் எனக்கு 'பிரேசில் மிஸ்' என்று பெயர் வைத்திருப்பது எனக்குத் தெரியும், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆனால் உள்ளுக்குள் ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது. என் கையால் செய்ததைத் தவிர வேறு யார் செய்த பிரேசில் சமையலையும் நான் சாப்பிட்டதில்லை. பரீட்சையை நானே எழுதி, நானே திருத்தி, நானே நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஊர்க்காரர் ஒருவர் வாயில் போட்டுக்கொண்டு 'இது என்னம்மா?' என்று கேட்டுவிட்டால் என் ஐந்து வருஷமும் என்ன ஆகும்?

அந்த ஒருவர் வந்து சேர்ந்தார். செய்தி கொண்டுவந்தது எங்கள் ஃபிசிக்ஸ் டீச்சர். அடையாறில் குடியிருக்கிறார்.

"டீச்சர், எங்க ஃபிளாட்ல கீழ் வீட்டுக்கு யார் குடி வந்திருக்காங்க தெரியுமா? பிரேசில்காரங்க! வீட்டுக்காரருக்குத் தரமணியில ஆராய்ச்சி வேலை. அந்தம்மா வீட்லதான் இருக்காங்க."

"எந்த ஊராம்?"

"சால்வடாராம். உங்க வடை ஊரு!"

அடுத்த பீரியட் ஒன்பதாம் வகுப்பு அல்ஜீப்ரா. போர்டில் கழித்தலைக் கூட்டலாக எழுதினேன். பிள்ளைகள் அளவற்ற சந்தோஷத்தோடு சுட்டிக் காட்டினார்கள்.

சந்தோஷம் எனக்கும்தான், ஆனால் அந்தம்மாவை வரச் சொல்லத் துணியவில்லை. மூன்று வாரம் சாக்குச் சொல்லித் தள்ளிப் போட்டேன். விடைத்தாள் திருத்த வேண்டும், கிரைண்டர் கல் தேய்ந்திருக்கிறது, இவருக்குத் தொண்டை சரியில்லை. இவருக்குத் தொண்டை மிக நன்றாகவே இருந்தது.

"பரீட்சைக்குப் பயந்துண்டு டீச்சரே லீவு போடலாமோ?" என்றார். "வரச் சொல்லுடி. நன்னா இல்லேன்னா இல்லேன்னு சொல்லிட்டுப் போறா. அஞ்சு வருஷமா நான் சொல்லலையா?"

ரோஷம் வந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையே வரச் சொன்னேன்.

சனிக்கிழமை ஊறப் போட்ட காராமணியை ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தேய்க்க உட்கார்ந்தேன். ஒரு தோல் விடாமல், கறுப்புக் கண் ஒன்று விடாமல் களைந்தேன். இவர் ஹாலில் செய்தித்தாள்களை அடுக்கினார், சோபாவைத் தட்டினார், கல்யாணத்துக்குக் கட்டுகிற ஜரிகை வேஷ்டியைக் கட்டிக்கொண்டு நின்றார். எதற்கு ஜரிகை என்றேன். வெளிநாட்டு உறவு என்றார்.

நாலு மணிக்கு வரச் சொன்னால் மூன்றே காலுக்கு மணி அடித்தது. ஃபிசிக்ஸ் டீச்சரும் கூட ஒருத்தியும். நாற்பது வயதுக்கு மேல் இருக்காது, என் முதல் பேட்ச் மாணவிகள் வயது, அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன். சுருட்டை முடி, பெரிய துணிப்பை, வாசலிலேயே என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நேரே சமையலறைக்குப் போகலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எங்கள் வீட்டில் விருந்தாளி ஹாலில்தான் உட்கார வேண்டும். நான் பதில் சொல்வதற்குள் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மாவுப் பாத்திரத்துக்குள் தலையை விட்டிருந்தாள். மற்ற இருவரும் ஹாலில் உட்கார்ந்தார்கள்.

அவள் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். ஊறினது எத்தனை மணி நேரம்? எதில் அரைத்தாய்? இந்தக் கல் சுற்றுகிற மெஷினுக்கு என்ன பேர்? நானும் மூச்சு விடாமல் பதில் சொன்னேன். இலுப்பச்சட்டியில் என் சிவப்புத் தேங்காயெண்ணெய் காய்ந்தது. கரண்டிகள் இரண்டையும் எடுத்து வைத்திருந்தேன். ஆனால் பேச்சு சுவாரசியத்தில் நான் கையை நீரில் நனைத்தேன், மாவை எடுத்து உள்ளங்கையில் தட்டினேன், கட்டைவிரலால் ஒரு குத்து, வழித்து எண்ணெயில் போட்டேன். அடுத்தது. அதற்கடுத்தது. ஆறு போட்ட பிறகுதான் அவள் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"நடுவில் ஏன் ஓட்டை?"

குனிந்து பார்த்தேன். ஆறு மெதுவடைகள் ஆனந்தமாக மிதந்துகொண்டிருந்தன.

ஐயோ! ஐந்து வருஷமாக ஒரு தடவைகூட இந்தத் தப்பைச் செய்ததில்லை. முதல் முறையாக அந்த ஊர்க்காரி பக்கத்தில் நிற்கும்போது, என் கை என்னைக் கேட்காமல் மயிலாப்பூருக்குத் திரும்பிவிட்டது. வயிற்றைக் கீறி வத்தபாவை அடைக்க வேண்டிய பண்டத்தில் வயிறே இல்லை! காது சுட, மெதுவடைக்கு ஏன் ஓட்டை போடுகிறோம் என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். நடு வேக வேண்டுமே, அதற்கு. அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிங்க்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். போனை எடுத்து ஆறையும் படம் பிடித்தாள். ஊரில் இதை யாரும் நம்ப மாட்டார்கள் என்றாள். என்ன நடக்கிறது என்று ஹாலிலிருந்து வந்து பார்த்த இவர், "ஆக மொத்தம் நம்மாத்து வடைக்குப் பாஸ்போர்ட் கிடைக்கலை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

மீதி மாவைப் பிறகு பார்க்கலாம் என்று அடுப்பை அணைத்துவிட்டு, அந்த ஆறையும் மேஜைக்குக் கொண்டுபோனேன். அவள் ஓட்டையில் வத்தபாவை வைத்து, மேலே தக்காளி வெங்காயம் தூவி, ஒரு கடி கடித்தாள்.

நான் எதிரே நின்றேன், உட்காரத் தோன்றவில்லை. சிரித்துக்கொண்டே கடித்தவளுக்குச் சிரிப்பு நின்றது. மென்றாள். இன்னொரு கடி. கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். பாஸா ஃபெயிலா என்று முகத்தில் தேடுகிறேன், ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருஷம் போர்டுக்கு முன்னால் பிள்ளைகளை நிற்க வைத்திருக்கிறேனே, அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

"மாவு சரி" என்றாள். "என் கையாலும் இதைவிட மிருதுவாக அடிக்க முடியாது. உப்பு சரி. இறால் இல்லாதது பரவாயில்லை."

"ஆனால்?"

"உன்னிடம் பொய் சொல்ல முடியாது. உனக்குத் தெரிந்துவிடும்." வடையைத் தட்டில் வைத்தாள். "இது எங்கள் ஊர் இல்லை. அந்த எண்ணெய் இல்லாமல் அது வராது."

சிரித்தபடி தலையாட்டினேன். எனக்குத் தெரிந்ததுதான், ஐந்து வருஷமாகக் குத்திக்கொண்டிருந்த முள்தான், ஆனாலும் வாய் திறந்து ஒருத்தி சொல்லிக் கேட்கும்போது அழுகை வந்தது. ஐம்பத்தாறு வயதில் ஒரு வடைக்காக அழுதால் நன்றாகவா இருக்கும்? தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் சமையலறைக்குள் போய்விட்டேன்.

அவள் பின்னாலேயே வந்தாள், துணிப்பையோடு. பைக்குள்ளிருந்து ஒரு துண்டை எடுத்துப் பிரித்தாள். துண்டுக்குள் பிளாஸ்டிக் பை, அதற்குள் இன்னொரு பை, அதற்குள் இன்னொன்று. கடைசியில் ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டில். அடியில் மஞ்சளாகக் கட்டியாய், மேலே ரத்தச் சிவப்பாய்.

"ஊரிலிருந்து ஒன்றே ஒன்றுதான் கொண்டுவந்தேன். எட்டு மாதமாக, நடுவில் வீடு மாறியபோதுகூட, திறக்கவில்லை" என்றாள். "இன்றைக்கும் திறப்பதாகத் தீர்மானிக்கவில்லை. மாவைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, சுமாராக இருந்தால் அப்படியே வீட்டுக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு போயிருப்பேன்."

என் மாவு பாஸ் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு அவள் மூடியைத் திருகினாள்.

அந்த எண்ணெய் என் சின்ன இலுப்பச்சட்டியில் சூடேறினபோது எழுந்த வாசனையை எப்படிச் சொல்வேன்? காரட்டை நெய்யில் வதக்கும்போது வருகிற இனிப்பு. அதற்கு அடியில் முதல் மழைக்குப் பிறகு மொட்டை மாடியில் வருகிற ஏதோ ஒன்று. அதற்கும் அடியில் எனக்குப் பெயர் தெரியாத ஒன்று. என் மூக்குக்குத் தெரியாத வாசனை உலகத்தில் இன்னும் இருக்கிறது! நான் அடுப்பு மேல் கவிழ்ந்துவிட்டேன். முடி பத்திக்கொள்ளப் போகிறது என்று அவள் என்னைப் பின்னால் இழுத்தாள். தோலுரித்த முழு வெங்காயம் ஒன்றை எண்ணெய்க்குள் போட்டாள், எண்ணெய் கருகாமல் இருக்க. போனில் எத்தனையோ தடவை பார்த்து எதற்கென்று புரியாமல் விட்டது அது.

பிறகு அவள் ஒன்று செய்தாள். கரண்டி நுனியால் சுண்டைக்காய் அளவு மாவைக் கிள்ளிக் கிள்ளி எண்ணெயில் போட்டாள். ஏழு குட்டி வடைகள். அவை சிவந்ததும் எடுத்து ஒரு தட்டில் வைத்து, ஜன்னல் ஓரமாக நகர்த்தினாள். அழகாக இருக்கிறதே என்று நான் கை நீட்டினேன். அவள் என் கையைத் தடுத்தாள்.

"அது நமக்கு இல்லை."

"யாருக்கு?"

"தெருமுனையைக் காத்து நிற்கிற சாமிக்கு. எங்கள் ஊரில் வடை சுடுகிற பெண்கள் முதல் ஈடு அவருக்குத்தான் கொடுப்பார்கள். அவர் சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்கள் எல்லாரும். என் அம்மாவும் அப்படித்தான் செய்வாள். நான் சாமி கும்பிடுகிறவள் இல்லை, ஆனால் கை கேட்காது." கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தாள்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. இது ஏன் எந்த வீடியோவிலும் வரவில்லை? ஐந்து வருஷமாக அளவு, பதம், நேரம் என்று எத்தனை பக்கம் எழுதினேன்! இதை ஒருத்தியும் சொல்லவில்லையே! சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. கரண்டியை நாக்கில் வைக்காதே என்று நான் யாருக்காவது எழுதிக் கொடுத்திருக்கிறேனா?

இரண்டு கரண்டிகளுக்கு நடுவே அவள் ஒரு பெரிய உருண்டையை உருட்டி நழுவ விட்டாள். ஓட்டை இல்லாமல், குண்டாக, சிவப்பாக மிதந்தது. வெந்ததும் எடுத்து, கீறி, வத்தபா வைத்து, ஒரு காகிதத்தில் பொதிந்து என்னிடம் நீட்டினாள்.

"சூடாகவே சாப்பிடு. இங்கேயே."

நான் தயங்கினேன். எங்கள் வீட்டுச் சட்டத்தை அவளுக்குச் சொன்னேன். அடுப்பு முன்னால் எதுவும் வாயில் போகக் கூடாது, சுவாமிக்கு ஆன பிறகுதான் மனுஷருக்கு. இதுவரை ஒரு சொட்டு ரசம்கூட நின்றுகொண்டு ருசி பார்த்ததில்லை என்றேன். அவள் விழி அகன்றது.

"அப்படியானால் இத்தனையும் நீ ருசியே பார்க்காமலா செய்தாய்?"

"முகர்ந்து பார்ப்பேன்."

அவள் ஜன்னல் பக்கம் மோவாயைக் காட்டினாள். ஏழு குட்டி வடைகளும் அங்கே ஆறிக்கொண்டிருந்தன.

நான் அந்தத் தட்டைப் பார்த்தேன். கையில் இருந்ததைப் பார்த்தேன். கணக்கு டீச்சருக்கு விடை வர எவ்வளவு நேரமாகும்? வாயைத் திறந்து ஒரு பெரிய கடி கடித்தேன்.

சுட்டது! நாக்கு, மேலண்ணம், உதடு எல்லாம் சுட்டது. ஓடு நொறுங்கியது, உள்ளே பஞ்சு, அதற்குள் என் காராமணி, அதன் மேல் அந்தச் சிவப்பு வாசனை முழுக்க ருசியாக மாறி இறங்கியது. விரலிடுக்கில் வழிந்த எண்ணெயை நக்கினேன். இதுதானா? இத்தனை வருஷம் நான் தேடினது இதுதானா? நான் செய்ததில் முக்கால்வாசி இதுவாகத்தான் இருந்திருக்கிறது! சந்தோஷத்தில் அவளைக் கட்டிக்கொண்டேன், எண்ணெய்க் கையோடு. அவள் சட்டையில் ஐந்து விரலும் பதிந்தது.

அந்த நேரம் பார்த்து இவர் இரண்டாவது காபி கேட்க சமையலறை வாசலுக்கு வந்தார். அப்படியே நின்றுவிட்டார். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் இவர் பார்க்காத காட்சி அது. அடுப்பு எரிகிறது, பெண்டாட்டி வாய் நிறைய வடையோடு நிற்கிறாள்.

"ஏண்டி, அடுப்படியில நின்னுண்டு சாப்பிடறே? ஸ்வாமிக்கு ஆச்சா?"

"ஆச்சு."

"எப்போ?"

நான் ஜன்னலோரத் தட்டைக் காட்டினேன். "அவா ஸ்வாமிக்கு."

இவர் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எண்ணெயில் மிதந்த வெங்காயத்தைப் பார்த்தார்.

"இதுல வெங்காயம் இருக்கேடி!"

"அந்த ஸ்வாமி சாப்பிடுவாராம்."

இவர் சற்று யோசித்தார். பிறகு ஜரிகை வேஷ்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, அடுப்பு வரைக்கும் வந்து நின்று, கையை நீட்டினார்.